உருளைக்கிழங்கும் வெண்ணெயும்

பெருநாட் பந்தியில் இடம்பெறும் பண்டங்களைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நாம் நாள்தோறும் உண்ணும் அரிசிதான் தைப்பொங்கலன்று பாலும் பயறும் சர்க்கரையும் கூடி, பொங்கலாகி, முற்றத்தில் கதிரவனுக்குப் படைக்கப்படுகின்றது. வறியவர் வீட்டிலும் அன்று ஒரு சுண்டு பாலாவது பானையிற் சேரும். அன்றாட உணவு ஒருநாள் செல்வக் கோலம் பூணுவதையே விருந்து என்கிறோம்.

இதே வழக்கம் ஐரோப்பிய மக்களிடத்தும் உண்டு. அங்கே அவ்வாறு கோலம் பூண்ட பண்டங்களுள் முதன்மையானது உருளைக்கிழங்கு. நத்தார் நாளிலும், அறுவடை முடிந்த நாளிலும், உறவினர் ஒன்றுகூடும் பிற நாள்களிலும், இறைச்சிக்குப் பக்கத்தில் அல்லது இறைச்சிக்குப் பதிலாக, வெண்ணெயும் பாலாடையும் பெய்து சமைத்த உருளைக்கிழங்கு வைக்கப்படுகின்றது. வெறுங்கிழங்கு விருந்துணவாக உயர்ந்த கதை சுவைக்கத்தக்கது. ஆனால் அதனுள் ஒரு துயரக் கதையும் மறைந்து கிடக்கின்றது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கிழங்கின் இயல்பை அறிந்துகொள்வோம். உருளைக்கிழங்கின் நூறு பங்கில் ஏறக்குறைய 80 பங்கு நீர். 15 முதல் 17 பங்கு வரை மாச்சத்து. இரண்டு பங்கு புரதம். கொழுப்போ ஒரு பங்கில் பத்தில் ஒன்றுதான். ஆகவே அவித்த கிழங்கு வயிற்றை நிரப்பும். நாவுக்கு வறட்சியாகவே இருக்கும். அக்குறையை நீக்க வெளியிலிருந்து ஒரு நெய்ப்பொருள் வந்தாக வேண்டும். உருளைக்கிழங்கை மேன்மைப்படுத்த உலகம் கண்டுபிடித்த வழிகள் பலவாயினும், அவை அனைத்தும் இந்த ஒரு குறையை நிறைவு செய்யும் முயற்சிகளே.

கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர். பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீற்றர் உயரத்தில், திதிக்காக்கா என்னும் பேரேரி உள்ளது. அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் காட்டுக்கிழங்கைப் பயிராக்கினர். பயங்கரக் குளிர் நிலவும் இரவுகளில் கிழங்கை வெளியே பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்திப் பல ஆண்டுகள் கெடாத வண்ணம் சேமிக்கவும் அவர்கள் கற்றிருந்தனர். அந்த உலர்கிழங்குக்குச் சுன்யோ என்று பெயர்.

அம்மலைவாழ் மக்களிடம் இலாமா, அல்பாக்கா என்னும் விலங்குகள் இருந்தன. அவற்றை அவர்கள் சுமை தூக்கவும், கம்பளி பெறவும், இறைச்சிக்காகவும் வளர்த்தனர்; கறந்து பால் உண்ணும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. எனவே உருளைக்கிழங்கைக் கண்ட மக்கள் வெண்ணெயைக் கண்டதில்லை. வெண்ணெயைக் கண்ட ஐரோப்பியரோ உருளைக்கிழங்கைக் கண்டதில்லை. 1532ஆம் ஆண்டில் பிசாரோ என்னும் ஸ்பானியத் தளபதி பெருவிற் படையோடு புகுந்த பின்னரே இவ்விரண்டும் சந்திக்கும் வாய்ப்புப் பிறந்தது. கப்பலில் பசு அங்கே போயிற்று. கப்பலில் கிழங்கு இங்கே வந்தது. இன்று பெரு நாட்டில் உவான்காயோ என்னும் மலைநகரின் பெயரால் வழங்கும் உணவு ஒன்று உண்டு. அவித்த கிழங்கின்மீது பாற்கட்டியும் பாலும் மஞ்சள் மிளகாயும் அரைத்த குழம்பை ஊற்றி விருந்துகளில் வழங்குவர். கிழங்கும் மிளகாயும் அம்மண்ணுக்குரியவை. பாலும் பாற்கட்டியும் கடல் கடந்து வந்தவை.

ஐரோப்பாவுக்கு வந்த கிழங்கு உடனே விருந்தினராக வரவேற்கப்படவில்லை. 1573ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டுச் செவில் நகர மருத்துவமனை ஒன்றின் கணக்கேட்டில் அது நோயாளருக்கான உணவாகக் காணப்படுகின்றது. பின்னர் நெடுங்காலம் அதனைப் பலர் ஐயத்தோடு நோக்கினர். மண்ணுக்குள் விளைவது, வேதநூலிற் குறிப்பிடப்படாதது, தொழுநோயை உண்டாக்குவது என்றெல்லாம் பேசினர். பன்றிக்கு இடத்தக்கது என்று ஒதுக்கிய ஊர்கள் பல.

பிரான்சு நாட்டில் இந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர் அந்துவான் பார்மாந்தியே என்னும் மருந்தியலாளர். 1737ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஏழாண்டுப் போரின்போது பிரஷ்யரிடம் சிறைப்பட்டு, சிறையிலே உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தவர். 1769, 1770 ஆகிய ஆண்டுகளில் தானியப் பஞ்சம் ஏற்பட்டபின், பெசான்சோன் நகரத்து அறிஞர் கழகம், பஞ்சகாலத்தில் தானியத்துக்கு ஈடாகத்தக்க உணவு யாது என்னும் பொருளில் 1771ஆம் ஆண்டில் ஒரு போட்டியை அறிவித்தது. பரிசு பார்மாந்தியேக்குக் கிடைத்தது. பாரிசுக்கு அண்மையில் மன்னர் வழங்கிய நிலத்தில் அவர் கிழங்கு பயிரிட்டதும், பகலிற் காவல் வைத்து இரவிற் காவலை நீக்கி மக்களே திருடிச் செல்லுமாறு செய்தார் என்று வழங்கும் கதையும் பலரும் அறிந்தவை.

ஆனால் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பார்மாந்தியேயின் பேராசை கிழங்கைப் பாணாக்குவதே. தானிய மா சிறிதும் கலவாமல் உருளைக்கிழங்கினாலேயே பாண் செய்யும் முறையை விளக்கி 1779ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அந்தப் பாண் மக்களிடம் எடுபடவில்லை. கோதுமையிலுள்ள பசைப்புரதம் கிழங்கில் இல்லாமையால், காற்றைத் தாங்கிப் பொங்கும் தன்மை அதற்கு வாய்க்காது. கோதுமையின் வேலையைக் கிழங்கிடம் வாங்கும் முயற்சி தோற்றது. கிழங்கைக் கிழங்காகவே ஏற்று, அதற்கு இல்லாத நெய்ச்சுவையை ஊட்டிய சமையற்காரர்கள் வென்றார்கள்.

அவ்வெற்றியின் அடையாளமாக இன்றும் விளங்குவது கிரத்தான் தோபினுவா என்னும் உணவு. தோபினே என்பது பிரான்சின் தென்கிழக்கில், அல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருந்த பழைய மாகாணம். கிரத்தான் என்னும் சொல் சுரண்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியாகப் பிறந்தது. சட்டியின் ஓரத்திற் பற்றிய காந்தலைச் சுரண்டி உண்ணும் இன்பம் நமக்கும் புதிதன்று. அந்தக் காந்தலுக்கே பெயர் சூட்டி அதனை அரசவை உணவாக்கியவர் பிரெஞ்சு மக்கள்.

இவ்வுணவின் பெயர் வரலாற்றில் முதன்முதலாகத் தோன்றும் நாள் 1788ஆம் ஆண்டு யூலை 12 என்று கூறுவர். அன்று தோபினே மாகாணத்தின் படைத்தலைமையும் ஆட்சிப் பொறுப்பும் வகித்த கிளெர்மோன் தொன்னேர்க் கோமகன், காப் என்னும் நகரத்தின் சபை அதிகாரிகளுக்கு ஒரு விருந்தளித்தார். வயற்குருவி இறைச்சியோடு இக்கிழங்குணவும் பரிமாறப்பட்டதாம்.

விருந்தின் காலத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், யூன் 7ஆம் நாள், அதே மாகாணத்தின் தலைநகரான கிரனோபிளில் மக்கள் கூரைமீதேறி மன்னரின் படைவீரர்மீது ஓடுகளை வீசிக் கிளர்ச்சி செய்தனர். பின்னர் எழுந்த பிரெஞ்சுப் புரட்சியின் முதற்பொறி அதுவே என்பர் பலர். விருந்துக்கு மறுநாள், யூலை 13ஆம் நாள், வட பிரான்சில் வரலாறு காணாத ஆலங்கட்டி மழை பொழிந்து விளைந்து நின்ற கோதுமையை அழித்தது. அடுத்துக் கொடுங்குளிர் வந்தது. பாணின் விலை ஏறிற்று. ஓராண்டு கழிந்து, 1789ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள், பாரிசு மக்கள் பஸ்தில் சிறையைத் தகர்த்தனர். விருந்தளித்த கோமகன் 1794ஆம் ஆண்டில், 74 வயதில், கொலைப்பொறிக்கு இரையானார்.

கோமகனின் மேசையிற் பாலாடையில் மிதந்த கிழங்கு, அதே நாட்டின் ஏழைக் குடிசைகளில் இன்னும் உணவாகவே ஏற்கப்படாத கிழங்கு. உணவுக்கு உயர்வு தாழ்வு கிடையாது. அதனோடு சேரும் நெய்யே அதன் குலத்தை நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த உணவைச் செய்யும் முறை எளியது. ஆறு பேருக்கு ஒரு கிலோகிராம் கிழங்கு போதும். தோலைச் சீவி, ஒரு காசின் தடிப்பளவு மெல்லிய வில்லைகளாக வெட்டவேண்டும். வெட்டிய வில்லைகளை நீரில் அலசுதல் கூடாது. வெட்டுவாயில் ஊறும் மாச்சத்தே பின்னர்ப் பாலைத் தடிப்பாக்கும். அலசினால் அது நீரோடு போய்விடும். மண்சட்டியின் உட்புறத்தை உள்ளிப்பல்லினால் தேய்த்து, வெண்ணெய் பூசி, வில்லைகளை வரிசையாக அடுக்கி, உப்பும் மிளகுத்தூளும் சிறிது சாதிக்காய்த் தூளும் தூவி, அரை லீற்றர் பாலும் கால் லீற்றர் பாலாடையும் ஊற்றவேண்டும். பின்னர் போறணையில் மெல்லிய சூட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் வைத்தால், உள்ளே குழைவும் மேலே பொன்னிறப் பொருக்கும் உண்டாகும். சூடு மிகுந்தால் பால் திரைந்துவிடும். கொழுப்பு மிகுந்த பாலாடை சேர்ப்பது சுவைக்காக மாத்திரமன்று. பால் திரையாமற் காப்பதும் அதுவே.

பாற்கட்டி சேர்க்கலாமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. தோபினே மக்கள் அது கூடாது என்பர். ஆனால் பிரெஞ்சுச் சமையற்கலையின் பேராசானாகக் கருதப்படும் எஸ்கோபியே 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முட்டையும் பாற்கட்டியும் சேர்க்கும்படி எழுதியுள்ளார். பெருநாளன்று இவ்வழக்கைத் தீர்க்கும் உரிமை அவ்வவ்வீட்டு மூதாட்டியையே சாரும்.

இனி, நேயர்களே, பிரான்சின் கோமகன் விருந்திலிருந்து அயர்லாந்தின் குடிசைக்குச் செல்வோம். கதையின் துயரப் பகுதி அங்கேதான் இருக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தின் ஏழை உழவர் உருளைக்கிழங்கையே முழு உணவாகக் கொண்டிருந்தனர். வளர்ந்த ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 10 முதல் 14 இறாத்தல் வரை கிழங்கு உண்டார். நம் காதுக்கு இது நம்ப முடியாத அளவாகத் தோன்றலாம். ஆனால் வேறு உணவு அவருக்கு இல்லை என்பதை மறக்கலாகாது. அந்தக் கிழங்குக்குத் துணையாக இருந்தது மோர். 1776 முதல் 1779 வரை அந்நாட்டிற் பயணம் செய்த ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேய வேளாண்மை அறிஞர், கிழங்கும் பாலும் உண்டு வளரும் குடியானவரின் பிள்ளைகள் நல்ல உடற்கட்டோடு விளங்குவதைக் கண்டு எழுதினார். கிழங்கும் மோரும் சேர்ந்தால் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய சத்துகளிற் பெரும்பாலானவை கிடைக்கும் என்பது இக்காலத்து உணவியலுக்கும் உடன்பாடே.

மோர் இருந்த வீட்டில் வெண்ணெய் எங்கே போயிற்று? வெண்ணெய் குத்தகையாகப் போயிற்று. உழவர் வீட்டுப் பெண்கள் தயிலத்தைப்போலப் பேணிக் கடைந்த வெண்ணெயை உப்பிட்டு, சிறு மரப் பீப்பாக்களில் அடைத்து, கோர்க் என்னும் துறைமுக நகருக்கு அனுப்பினர். 1770ஆம் ஆண்டில் அந்நகரில் ஒழுங்காக அமைந்த வெண்ணெய்ச் சந்தை, உலகிலேயே பெரியதாகப் புகழ் பெற்று, 1924ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. அங்கே தரம் பார்த்து முத்திரையிடப்பட்ட பீப்பாக்கள் இங்கிலாந்துக்கும், போர்த்துக்கலுக்கும், மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறின. விற்ற பணம் நிலவுடைமையாளரின் கைக்குச் சென்றது. பன்றியையும் அவ்வாறே விற்றனர். வாடகை கட்டும் கனவான் என்று அப்பன்றியை வேடிக்கையாக அழைத்தார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. கடைந்தவள் கணக்குப் பார்த்தால் மோரே மிஞ்சும் என்பது அயர்லாந்தின் அனுபவம்.

ஆண்டில் ஓர் இரவு மாத்திரம் இந்தக் கணக்கு மாறிற்று. ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு, சகல புனிதர் திருநாளுக்கு முன்னிரவு. அறுவடை முடிந்து, கால்நடைகள் மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பி, குளிர்காலம் தொடங்கும் வேளை. கத்தோலிக்க மரபில் அது இறைச்சி விலக்கிய நாள். ஆகவே குடும்ப விருந்தின் நாயகனாகக் கிழங்கே அமரவேண்டியிருந்தது. அன்று சமைத்த உணவுக்குக் கொல்கனன் என்று பெயர். வெண்டலைக் கோவா என்று பொருள்படும் ஐரிசுச் சொற்களினின்று இப்பெயர் பிறந்தது.

கிழங்கை அவித்து மசித்து, அவித்து நறுக்கிய கோவா இலையைக் கலந்து, சூடான பால் விட்டுக் கிளறி, பெரிய தட்டத்திற் குவிப்பர். குவியலின் உச்சியில் ஒரு குழி செய்து, அக்குழி நிறைய வெண்ணெயை இடுவர். வெண்ணெய் உருகிச் சிறு குளம்போல் நிற்கும். வீட்டார் அனைவரும் சுற்றியிருந்து, கரையோரத்துக் கிழங்கைக் கரண்டியால் எடுத்து, அந்தக் குளத்தில் தோய்த்து உண்பர். கிழங்குக்குள் ஒரு மோதிரத்தையும் ஒரு நாணயத்தையும் தையற்காரர் விரலுறையையும் மறைத்து வைப்பதுண்டு. மோதிரம் கிடைத்தவருக்குத் திருமணம், நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம், விரலுறை கிடைத்த கன்னிக்குத் தனிமை என்று குறி சொல்லிச் சிரிப்பர். ஆண்டு முழுவதும் பீப்பாயில் அடைத்து அனுப்பிய வெண்ணெய், அந்த ஓரிரவு அதனைக் கடைந்தவளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

1845ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அயர்லாந்தின் கிழங்கு வயல்களில் கொடிய வெளிறல் நோய் பரவிற்று. பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிர் அதற்குக் காரணம். இலைகள் கருகின, தோண்டிய கிழங்கு சில நாள்களிலேயே அழுகி நாற்றமெடுத்தது. 1846ஆம் ஆண்டில் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. ஏழைகள் பெரும்பாலும் ஒரே இனக் கிழங்கை நம்பியிருந்தமையால் தப்ப வழியில்லை. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். மேலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். 1841ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் 81 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, 1851ஆம் ஆண்டில் 65 இலட்சமாகக் குறைந்தது.

அப்பஞ்ச ஆண்டுகளிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து வெண்ணெய் கப்பலேறியது. கிழங்குக்கு நோய் கண்டதேயன்றிப் பசுவுக்கு நோய் இல்லை. நாட்டில் உணவு அறவே இல்லாமற் போனதாற் பஞ்சம் வரவில்லை. உண்டாக்கிய உணவை வாங்கும் வலிமை உண்டாக்கியவரிடம் இல்லாமையாற் பஞ்சம் பெரும்பஞ்சமாயிற்று. வெண்ணெய்க் குளத்தில் கிழங்கைத் தோய்த்து உண்ணும் மகிழ்ச்சியைச் சொல்லும்போது, இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கடல் கடந்து சென்றவர்கள் அந்த உணவை மறக்கவில்லை. கொல்கனன் அவர்களோடு அமெரிக்கா சென்றது. பசியின் நினைவும் விருந்தின் நினைவும் ஒரே தட்டத்தில் இருந்தன.

மற்றுமொரு நாட்டைச் சுருக்கமாகக் காண்போம். சுவீடனில் 1724ஆம் ஆண்டில் யோனாசு அல்ஸ்திரோமர் என்பவர் உருளைக்கிழங்கைப் பயிரிட்டுப் பரப்ப முயன்றார். 1746ஆம் ஆண்டில் ஏவா எக்கெபிளாட் என்னும் பெருமாட்டி, கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார்; 1748ஆம் ஆண்டில் அந்நாட்டு அரச அறிவியற் கழகத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணியானார். சுவீடன் மக்கள் கிழங்கை உணவாக ஏற்பதற்கு அதன் சாராயமும் ஒரு தூண்டுகோலாயிற்று என்பர் வரலாற்றாசிரியர்.

இன்று அந்நாட்டு நத்தார்ப் பந்தியில் யான்சனின் சபலம் என்னும் உணவு தவறாது இடம்பெறுகின்றது. கிழங்கைத் தீக்குச்சி போல மெல்லியதாக அரிந்து, வெங்காயத்தையும் இனிப்பும் உப்பும் வாசனைச் சரக்கும் இட்டு ஊறவைத்த சிறு மீன்களையும் இடையிடையே அடுக்கி, பாலாடை ஊற்றிப் போறணையில் வேகவைப்பர். யான்சன் என்பவர் யார் என்பதிற் பல கதைகள் உண்டு. 1928ஆம் ஆண்டில் இதே பெயருடன் ஒரு திரைப்படம் வெளிவந்தது. சமையற்குறிப்பு 1940ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையில் அச்சாயிற்று. தொன்மையான மரபு என்று நாம் கருதும் பெருநாள் உணவுகள் சில, நம் பாட்டிமாரின் வயதையே உடையவை என்பதற்கு இது நல்ல சான்று. நெத்தலிக் கருவாட்டையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துப் பிரட்டலாகச் சமைக்கும் நம் நாட்டவருக்கு, சிறுமீனும் கிழங்கும் சேரும் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வரலாறு மீண்டும் பாரிசுக்குத் திரும்பிற்று. 1981ஆம் ஆண்டில் அங்கே உணவகம் திறந்த யோவேல் ரொபுஷோன், உலகப் புகழ் பெற்றது எவற்றால் என்று கேட்டால், மசித்த கிழங்கும் அவற்றுள் ஒன்று என்பதே விடை. ஒரு கிலோகிராம் கிழங்குக்குக் கால் கிலோகிராம் வெண்ணெய் என்பது அவர் வெளியிட்ட அளவு. கிழங்கைத் தோலோடு குளிர்ந்த உப்பு நீரிலிட்டு அவிக்கவேண்டும். தோலோடு அவித்தால் கிழங்கு நீரை உறிஞ்சாது. சூட்டோடு தோலுரித்து, சல்லடை வழியாக அழுத்தி மசித்து, அடுப்பின்மீது சிறிது நேரம் கிளறி ஈரத்தைப் போக்கவேண்டும். பின்னர் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக இட்டுக் கிளறி, இறுதியிற் கொதித்த பாலை மெல்லிய தாரையாக விடவேண்டும். இயந்திரத்தில் இட்டு அரைப்பது தவறு. அரைத்தால் கிழங்கின் நுண்ணறைகள் உடைந்து, உள்ளிருக்கும் மாச்சத்து வெளிப்பட்டு, உணவு பசையாகிவிடும். 2018ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, உலகெங்கும் எழுதப்பட்ட இரங்கலுரைகளில் இந்த எளிய உணவு இடம்பெற்றது.

நம் இலங்கைத் தீவுக்கும் இவ்வரலாற்றோடு ஒரு தொடர்பு உண்டு. சிங்கள மொழியில் உருளைக்கிழங்கை அர்த்தாபல் என்பர். மண்ணின் அப்பிள் என்னும் பொருளுடைய ஒல்லாந்தச் சொல்லின் திரிபு அது. 1658 முதல் 1796 வரை இந்நாட்டின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லை, அவர்கள் சென்று இரு நூற்றாண்டு கழிந்தும் சந்தையிற் கேட்கிறோம். நுவரெலியா, வெலிமடை ஆகிய மலைப்பகுதிகளிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலும் கிழங்கு விளைகின்றது. 1960களின் பிற்பகுதியில் இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டபின் அச்செய்கை பெருகிற்று. பின்னாளில் இறக்குமதி திறந்தபோது தோட்டக்காரர் விலைவீழ்ச்சியால் வருந்தினர்.

வெண்ணெய் அரிதான நம் அடுக்களையில் கிழங்கின் வறட்சியைத் தீர்த்தது தேங்காய். இரண்டாம் பாலில் கிழங்கை வேகவிட்டு, இறக்கும் தறுவாயில் முதற்பாலை விட்டு ஒரு கொதி காட்டும் பாற்கறி, தோபினே மாகாணத்தின் உணவுக்குத் தூரத்து உறவுதான். முதற்பாலை விட்டபின் நெடுநேரம் கொதிக்கவிடலாகாது, திரைந்துவிடும் என்று நம் தாய்மார் சொல்லும் எச்சரிக்கையை, அல்ப்ஸ் மலையடிவாரத்துத் தாயும் தன் பாலாடையைப் பற்றிச் சொல்கிறாள்.

வருகின்ற பெருநாளில் உங்கள் பந்திக்கு ஒரு கிழங்கு உணவைச் செழுமையாகச் செய்ய விரும்பினால், மேற்கூறிய முறைகளுள் ஒன்றைக் கையாளுங்கள். வெண்ணெயோ பாலாடையோ தேங்காயின் முதற்பாலோ, வசதிக்கேற்ப எதுவும் ஆகலாம்; அன்று மாத்திரம் அளவிற் சிக்கனம் வேண்டாம். தோட்டத்திற் கிழங்கு அகழ்ந்தவர், பட்டியிற் பால் கறந்தவர், வெண்ணெய் கடைந்தவர் எவரேனும் உங்கள் அயலில் இருப்பின், முதல் அகப்பையை அவர் தட்டில் இடுங்கள்.